இரண்டாக வாங்குங்கள்

கேபிளைச் செருகியதும் டிக், டிக், டிக் என்று தட்டிவிட்டு அடங்கிப் போனது ஹார்டு டிஸ்க். "பேக்கப்தான் சார். கம்ப்யூட்டரில் இடம் பத்தவில்லை என்று போட்டோ எல்லாவற்றையும் இதில் போட்டுவிட்டு, அங்கே அழித்துவிட்டேன்" என்றார் கொண்டுவந்தவர். அங்கே அழித்த நொடியே இது பேக்கப் இல்லை, மிச்சமிருக்கும் ஒரே பிரதி. டேட்டா மீட்கும் தொழிலில் நான் அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்கும் பேச்சு இது.

எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் மேசைக்கு வராத கம்பெனியே இல்லை! எதுவும் ஒருநாள் போகும். அதனால் பெரிதாக ஒன்று வாங்கும் காசில், அளவாக இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் அதே டேட்டா. ஒன்று கம்ப்யூட்டர் பக்கத்தில், இன்னொன்று வேறொரு வீட்டில்.

சரி, ஹார்டு டிஸ்கா, சிப்பில் டேட்டா வைக்கும் எஸ்எஸ்டியா? சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்கில் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். படிக்கும் ஹெட் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஓடும்போது கை பட்டு விழுந்தால் அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமில்லை, அடிக்கடி தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் ஹார்டு டிஸ்க் பல நேரம் முனகிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இன்னொன்று, எஸ்எஸ்டியில் டேட்டா மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. நிறைய எழுதித் தேய்ந்ததை மின்சாரமே காட்டாமல் வருடக்கணக்கில் பெட்டியில் போட்டு வைத்தால் அது கசிந்துவிடும். பூட்டி வைக்கும் பிரதிக்கு நான் ஹார்டு டிஸ்கைத்தான் சொல்வேன்.

நம்ப முடியாத மலிவில் 16 டெராபைட் என்று கிடைத்தால் நம்பாதீர்கள். அப்படி ஒன்றைப் பிரித்தபோது உள்ளே ஒட்டியிருந்தது ஒரு சின்ன மெமரி கார்டு. கம்ப்யூட்டரிடம் பொய்க் கணக்குக் காட்டும். நிஜ இடம் தீர்ந்ததும் புதிது போடப் போடப் பழையது அழியும், அல்லது புதிது பதிவே ஆகாது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். ஒரு டெராபைட் வாங்கி விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டினால் மட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். கம்பெனி 1000, 1000-ஆக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அந்தக் கணக்கு வித்தியாசம்தான் அது.

வாரண்டி புது டிஸ்க் தரும், போட்டோ தராது. அதனால் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டார்', அதாவது சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் இடங்களின் கணக்கு, பூஜ்யத்திலிருந்து ஏறியிருந்தால் அன்றைக்கே வேறிடத்துக்குக் காப்பி எடுத்துவிடுங்கள்.

டிக் சத்தம் கேட்டுவிட்டதா? கழற்றி அப்படியே வைத்துவிடுங்கள். பழுதான ஹெட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தகட்டைக் கீறக்கூடும். அன்று வந்தவர், என்னிடம் வருவதற்கு முன் வீட்டிலேயே ஒரு பத்துத் தடவை செருகிப் பார்த்திருந்தார்.