வான்கதவை முதல் நாளே திறப்பது யார்?

டித்வா புயல் வந்துபோன பிறகு கிளிநொச்சி வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்: “பாரிஸில் கையெழுத்து வைக்கிறார்கள், கொழும்பில் அறிக்கை அச்சடிக்கிறார்கள். இதில் எங்கள் கரைச்சிப் பிரதேச சபைக்கு என்ன வேலை?” கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டிருந்தார். ஆனாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

காலநிலை மாற்றம் என்றதும் புகைபோக்கியும் நிலக்கரியும்தான் நினைவுக்கு வருகின்றன. இலங்கை பாரிஸ் உடன்படிக்கையை ஏற்றது 2016இல். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நம்முடைய பங்கு ஒரு வீதத்தைவிட மிகக் குறைவு. ஆகவே வன்னியில் இந்தக் கதை புகையில் தொடங்குவதில்லை, தண்ணீரில்தான் தொடங்குகிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். கடல் சூடாகிறது, காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது, பெய்யும்போது ஒரேயடியாகப் பெய்கிறது. பாடசாலையில் படித்த விஷயம்தான், விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது அந்த மழை குளத்துக்குள் வந்த பிறகு நடப்பதை.

முதலில் கதவே இல்லாத ஒரு சின்னக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டின் ஒரு பக்கத்தில் தாழ்வாக ஒரு வான், அதாவது மிஞ்சிய நீர் வழியும் வாய். குளம் நிறைந்தால் வான் பாயும், அவ்வளவுதான். பார்ப்பதற்கு மூளையில்லாத அமைப்புப் போலத் தெரியும். உண்மையில் அது ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.

வான் மேல் தண்ணீர் 10 சென்டிமீற்றர் உயரத்தில் பாய்கிறது என்று வையுங்கள். உயரம் 20 ஆனால் வெளியேறும் நீர் இரண்டு மடங்காகாது, 2.8 மடங்காகும். 40 ஆனால் எட்டு மடங்கு. ஏன்? உயரம் இரட்டித்தால் தண்ணீர் போகும் வாசல் இரட்டிக்கிறது. அதோடு வேகமும் கூடுகிறது, உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி, அதாவது 1.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 2.8. மழை சிறிதாக இருக்கும்போது குளம் சிக்கனமாக விடுகிறது, ஆபத்து நெருங்கும்போது தாராளமாக விடுகிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை.

இன்னும் அழகான பகுதி அடுத்தது. உள்ளே வரும் நீர் வெளியே போவதைவிட அதிகமாக இருக்கும்வரை குளத்தின் மட்டம் ஏறும். இரண்டும் சமமாகும் கணத்தில் ஏற்றம் நிற்கும். வெளியேற்றம் மட்டத்தைப் பொறுத்தது மட்டுமே என்பதால், வெளியேற்றமும் அந்தக் கணத்தில்தான் உச்சத்தைத் தொடும். ஆனால் அந்த நேரத்தில் ஆற்றில் வரும் வெள்ளம் ஏற்கெனவே உச்சத்தைக் கடந்து இறங்கத் தொடங்கியிருக்கும்! ஆகவே வானால் கீழே போகும் வெள்ளத்தின் உச்சம், மேலிருந்து வந்த உச்சத்தைவிடத் தாழ்வாகவும் பிந்தியும்தான் இருக்கும். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள குளம் வான் மட்டத்துக்கு மேல் வெறும் 30 சென்டிமீற்றர் ஏறினால் மூன்று லட்சம் கன மீற்றர் நீர் அங்கே சற்று நேரம் தங்கிப் போகிறது. இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாக நாலு குளங்கள் இருந்தால், நாலு இடத்தில் வெள்ளத்தின் தலை தட்டப்படும். நம் முன்னோர் குளங்களை ஏன் தொடராக அமைத்தார்கள் என்று கேட்டால் பாசனத்துக்கு என்போம். இந்தப் பலனும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கதவு வைத்த பெரிய குளத்தில் இந்த இயற்கைக் கணக்கு செல்லாது. அங்கே மனிதன் முடிவெடுக்க வேண்டும். முழுக் கொள்ளளவில் கதவுகளை மூடி வைத்திருந்துவிட்டு, கட்டுக்கு ஆபத்து என்றதும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்தால், உள்ளே வருவதைவிட அதிக நீர் கீழே போகக்கூடும். அப்போது குளமே இல்லாதிருந்தால் வரக்கூடிய வெள்ளத்தைவிடப் பெரிய வெள்ளம் வரும்.

இரணைமடுவைப் பாருங்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கிய குளம். அண்மைய புனரமைப்பில் நீர் தேக்கும் உயரத்தை 34 அடியிலிருந்து 36 ஆக்கினார்கள். கூடிய அந்த இரண்டு அடி ஏறத்தாழ 13,000 ஏக்கர் அடி, அதாவது 160 லட்சம் கன மீற்றர். 2018 டிசம்பரில் பெருமழை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தன. கதவுகளை நேரத்துக்குத் திறந்தார்களா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எனக்கு வேண்டியது கணக்கு.

அந்த இரண்டு அடியை மழைக்கு முன்பே காலி செய்ய வேண்டும் என்று வையுங்கள். விநாடிக்கு 200 கன மீற்றர் வீதம் விட்டால் 22 மணித்தியாலம் ஆகும். இன்னும் வேகமாக விட்டால் கீழே கண்டாவளைப் பக்கத்து வயல்களுக்கு நாமே வெள்ளம் அனுப்பியவர்களாவோம். திறப்பதற்கு முன் சனத்துக்குச் சொல்ல அரை நாளாவது வேண்டும். ஆகமொத்தம் ஒன்றரை நாளுக்கு முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும். ஒன்றரை நாளுக்கு முன் எந்த வானிலை அறிக்கையும் “நிச்சயம்” என்று சொல்லாது. “பெரும்பாலும்”, “சாத்தியம்” என்றுதான் சொல்லும்.

(பஞ்சாங்கம் இந்த இடத்தில் மிகவும் தைரியமானது. ஒரு வருடத்துக்கு முன்பே இத்தனை மரக்கால் மழை என்று அச்சடித்துவிடும். சென்ற வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து, பெய்த மழையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆளைத்தான் நான் இன்னும் காணவில்லை. பிழைக்கும் சாத்தியத்தைத் தானே சொல்லும் முன்னறிவிப்புத்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது.)

நிச்சயம் இல்லாமல் எப்படித் திறப்பது? இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. வீணாய் விட்ட தண்ணீரால் வரும் நட்டம் 1 என்றும், திறக்காமல் விட்டு வெள்ளம் வந்தால் நட்டம் 10 என்றும் உதாரணத்துக்கு வையுங்கள். வெள்ளத்துக்கான சாத்தியம் பத்தில் ஒன்றைத் தாண்டினாலே திறப்பதுதான் இலாபம். பத்தில் ஒன்பது தடவை மழை ஏமாற்றினாலும் கணக்குச் சரிக்கட்டிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த 1 ஒருவருடையது, 10 இன்னொருவருடையது. தண்ணீர் போனால், குளத்து நீரை நம்பிக் கோடையில் விதைக்கும் சிறுபோகத்தில் ஏக்கர் குறையும். அது இரணைமடுவில் விதைக்கும் கமக்காரரின் வயிற்றில் அடிப்பது. வெள்ளம் வந்தால் மூழ்குவது முரசுமோட்டையும் கண்டாவளையும். நடுவில் கதவைத் திருப்பும் பொறியியலாளர் இருக்கிறார். திறந்து மழை பெய்யாவிட்டால் ஏச்சு, திறக்காமல் பெய்தால் விசாரணை. இந்த நிலையில் யாராக இருந்தாலும் கடைசி நேரம்வரை பொறுத்துத்தான் பார்ப்பார்கள்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடிச் சுண்டிக்குளம் கடனீரேரியில் விழுகிறது, அதனால் இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையில். மேலே உள்ள சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். மழை வரும் என்று சொல்வது கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம். சனத்தை எழுப்புவது அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பிரதேச செயலகமும். தண்ணீர் கடக்கும் ஏ9 வீதியின் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அடுத்த வீதியின் மதகு மாகாணத்துடையது, ஒழுங்கையின் மதகு பிரதேச சபையுடையது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. மூன்றில் எந்த மதகு ஒடுக்கமோ அதுதான் ஊர் முழுவதற்கும் அளவு. வெள்ளவாய்க்காலில் கடை கட்ட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் சபைதான். அரும்பொட்டாகத் தோன்றும் அந்த ஒரு கையெழுத்து, பாரிஸ் உடன்படிக்கையில் வைத்த கையெழுத்தைவிட அதிகமாக நம் ஊர் நனையும் ஆழத்தைத் தீர்மானிக்கும்.

ஆனால் அந்தச் சபைகளும் மாகாணமும் எவ்வளவு காலம் ஆளில்லாமல் கிடந்தன! வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பின் தேர்தலே இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023இலிருந்து 2025 மே தேர்தல்வரை தெரிவான உறுப்பினர் இல்லாமலேயே ஓடின. காலநிலைத் திட்டத்தை யார் யாரோடு பேசி முடிவெடுப்பது?

நெதர்லாந்தில் ஒரு வழி செய்து பார்த்தார்கள். 1995இல் ஆறுகள் பெருகி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் மத்திய அரசு ஓர் எண்ணை வைத்தது: ரைன் ஆறு நாட்டுக்குள் நுழையும் இடத்தில் விநாடிக்கு 16,000 கன மீற்றரைத் தாங்க வேண்டும். காசில் பெரும்பகுதியும் மத்திய அரசுடையது. எப்படிச் செய்வது என்பதில் உள்ளூருக்கும் வாய் இருந்தது. நீர்மட்டத்தை அதே அளவு இறக்கிக் காட்டினால் தங்கள் யோசனையையே முன்வைக்கலாம். நைமேகன் நகரத்தில் அணையைப் பின்தள்ளி ஆற்றுக்கு இன்னொரு வழி வெட்டினார்கள். ஓவர்டீப் என்ற இடத்தில் கமக்காரரே முன்வந்து, மேடு கட்டி அதன்மேல் வீட்டை வைத்துக்கொள்கிறோம், வெள்ளம் வந்தால் வயலுக்குள் விடுங்கள் என்றார்கள். நம்மிடம் அந்தக் காசு இல்லைதான். ஆனாலும் எண்ணை மேலே இருப்பவர் வைப்பது, வழியை ஊர் தேர்வது, நட்டத்தை யார் சுமப்பது என்று முன்பே எழுதிவைப்பது, இந்த மூன்றுக்கும் பெரிய காசு தேவையில்லை.

அதற்கான மேசை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மாரி விதைப்புக்கு முன் அரசாங்க அதிபர் தலைமையில் நடக்கும் காலபோகக் கூட்டம். விதைக்கும் திகதியும் தண்ணீர் விடும் திகதியும் அங்கே கமக்காரர் அமைப்புகளோடு பேசித்தான் தீர்மானமாகிறது. அதே கூட்டத்தில் இன்னொரு வரியும் எழுதலாம்: மார்கழியில் குளம் இத்தனை அடிக்கு மேல் நிற்கும்போது, இத்தனை மில்லிமீற்றர் மழைக்கான சாத்தியம் இத்தனை வீதத்தைத் தாண்டினால், யாரையும் கேளாமல் கதவு திறக்கப்படும். மழை பொய்த்தால் சிறுபோகத்தில் குறையும் ஏக்கருக்குப் பயிர்க் காப்புறுதி நிதியிலிருந்து ஈடு. இன்றைய காப்புறுதி வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் யானைக்கும் கொடுக்கிறது. முன்கூட்டித் திறந்த தண்ணீருக்கும் கொடுக்கட்டும் என்பது என் வாதம்.

இதற்கு வேண்டிய கருவிகளும் பெரிதில்லை. ஆற்றின் மேற்பகுதியில் தானாக அளவை அனுப்பும் மழைமானிகள், சின்னக் குளங்களில் நீர்மட்ட உணரிகள், அந்த எண்களை எல்லாத் திணைக்களமும் ஒரே நேரத்தில் பார்க்க ஒரு திரை. கட்டை உயர்த்தக் கோடிக்கணக்கில் வெளிநாட்டுக் கடன் வாங்குகிறோம், அளவு எடுக்கச் சில்லறை தேடுகிறோம். கல்வெட்டுத் திறந்து நாடா வெட்ட ஒரு வான்கதவு போதும், மழைமானிக்கு யார் நாடா வெட்ட வருவார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சியிலேயே, குளத்துக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. மாணவருக்கு இந்த ஆற்றை அளக்கக் கொடுத்தால் நாலைந்து மாரியில் நல்ல தரவு சேர்ந்துவிடும்.

அடுத்த காலபோகக் கூட்டத்துக்கு உங்கள் கமக்காரர் அமைப்பிலிருந்து யாராவது போவார்கள். பிரதேச சபை உறுப்பினரையும் கையோடு கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அங்கே கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எத்தனை அடியில், எத்தனை வீதச் சாத்தியத்தில் கதவு திறக்கும்? வாய்ப் பேச்சாகப் பதில் வந்தால், கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.