தன் இறக்கை நுனி தெரியாத பைலட்

சந்துக்குள் லாரியைத் திருப்பும் ஓட்டுநர் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்ப்பார். போதாததற்கு கிளீனர் கீழே இறங்கி, பக்கவாட்டில் தட்டி "ரைட் ரைட், வரலாம்" என்று குரல் கொடுப்பார். 300 பேரை ஏற்றிக்கொண்டு தரையில் உருளும் விமானத்தின் பைலட்டுக்கு அந்தக் கண்ணாடி கிடையாது. போயிங் 747, 777, ஏர்பஸ் ஏ380 போன்ற பெரிய விமானங்களில் இருக்கையில் உட்கார்ந்தபடி இறக்கை நுனியைப் பார்க்கவே முடியாது. பக்க ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் அது நடக்கிற காரியமில்லை.

பிறகு எதை நம்பி ஓட்டுகிறார்கள்? தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டை நம்பி. கோட்டின் மேல் போனால் இறக்கை எதிலும் இடிக்காது என்பது விமான நிலையம் பைலட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானங்களை இறக்கை அகலத்தை வைத்து எழுத்துகளால் பிரித்திருக்கிறது. ஏ320, 737 போன்றவை 36 மீட்டருக்குள் அடங்கும் 'சி' வகை. 777, ஏ350 போன்றவை 65 மீட்டருக்குள் அடங்கும் 'ஈ' வகை. 'ஈ' வகை டாக்சிவேயில், அதாவது விமானம் தரையில் உருண்டு போகும் பாதையில், நடுக்கோட்டிலிருந்து 43.5 மீட்டர் தூரத்துக்குள் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. 65-இல் பாதி 32.5. மிச்சம் 11 மீட்டர்தான் பாதுகாப்பு இடைவெளி. விமானத்தை நிறுத்தும் இடத்திலோ அது 7.5 மீட்டராகச் சுருங்கிவிடும்.

ஆனால் இந்த வாக்கு, அந்தக் கோடு எந்த அகலத்துக்காக வரையப்பட்டதோ அந்த அகலத்துக்கு மட்டும்தான் செல்லும். 2013 டிசம்பர் 22 இரவு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு 747 புறப்படுவதற்காக நகர்ந்துகொண்டிருந்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் சொன்னது 'பி' என்று பெயரிட்ட டாக்சிவே. ஒரு சந்திப்பில் 'பி' லேசாக விலகித் திரும்ப, 'எம்' என்ற குறுகலான பாதை நேராகப் போனது. விமானமும் நேராகவே போய்விட்டது. கோட்டை விட்டு அது விலகவே இல்லை, கோடுதான் வேறு. வலது இறக்கை செங்கல் கட்டடம் ஒன்றுக்குள் புகுந்தது. உள்ளே இருந்த 4 பேருக்குச் சிறு காயம். விமானத்தில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த 747 அதற்குப் பிறகு பறக்கவே இல்லை.

சரியான கோட்டில் போனாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. 2011 ஏப்ரல் 11 இரவு, நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் ஓர் ஏ380 தனக்குரிய டாக்சிவேயில் போய்க்கொண்டிருந்தது. நிறுத்துமிடத்துக்குள் நுழையக் காத்திருந்த சிறிய சிஆர்ஜே-700 விமானத்தின் வால் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட 80 மீட்டர் அகலமுள்ள ஏ380-இன் இடது இறக்கை நுனி அந்த வாலில் பட, சிறிய விமானம் இருந்த இடத்திலேயே சுழன்று திரும்பியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. 2024 மார்ச்சில் கொல்கத்தாவிலும், சென்னைக்குக் கிளம்பக் காத்து நின்ற விமானத்தின் இறக்கையை, நகர்ந்து வந்த இன்னொரு விமானத்தின் இறக்கை இடித்தது.

இன்னொரு ஆபத்து திருப்பத்தில் இருக்கிறது. நேர்பாதையில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மூங்கில் கழி ஏற்றிய மாட்டுவண்டி தெருமுனையில் இடப்பக்கம் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். மாடும் வண்டியும் இடப்பக்கம் போகும், பின்னால் நீண்ட கழிகளின் நுனியோ வலப்பக்கம் வீசும். அங்கே நிற்பவர்தான் ஒதுங்க வேண்டும். விமானத்தின் இறக்கையும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் நுனி முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் அந்தச் சக்கரங்களின் நேர்க்கோட்டில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். நுனி பக்கவாட்டில் 32 மீட்டரும் பின்னால் 10 மீட்டரும் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருப்பத்தின் மையம் சக்கரங்களுக்கு நடுவிலேயே இருந்தால், பிதாகரஸ் கணக்குப்படி நுனி வரையும் வட்டத்தின் ஆரம் 33.5 மீட்டர். திரும்பும்போது மட்டும் இறக்கை ஒன்றரை மீட்டர் வெளியே வளர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. திருப்பம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வளர்ச்சி. நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஏணிகளும் சாமான் வண்டிகளும் விளக்குக் கம்பங்களும் நெருங்கி நிற்கும் இடத்தில்தான் இறுக்கமான திருப்பங்களும் வருகின்றன என்பதுதான் கொடுமை.

777-300ஈஆரில் சக்கரங்கள் பாதையில் இருக்கின்றனவா என்று காட்டும் கேமராக்கள் உண்டு, ஆனால் அவை இறக்கை நுனிக்கானவை அல்ல. நுனிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று காட்டும் கேமரா போன்ற கருவியைப் பெரிய விமானங்களில் பொருத்தச் சொல்லி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இலேயே பரிந்துரைத்தது. காரைப் பின்னால் எடுக்கவே கேமரா வந்துவிட்ட காலத்தில் இது அதிகப்படியான கோரிக்கை என்று எனக்குத் தோன்றவில்லை. போயிங் 777எக்ஸ் வேறு வழியில் போயிருக்கிறது. 71.8 மீட்டர் இறக்கையின் நுனிகள் தரையில் மேல்நோக்கி மடங்கி, அகலம் 64.8 மீட்டராகிவிடும். 'ஈ' வகை இடத்துக்குள் அது அடங்கிவிடுகிறது.

டவர் பாதையைச் சொல்லுமே தவிர, இடைவெளியை அளந்து தராது. சந்தேகம் வந்தால் பைலட் அங்கேயே நிறுத்தி ஆள் கேட்க வேண்டும். அப்போது இருவர் வந்து, ஆளுக்கொரு இறக்கை நுனியோடு நடப்பார்கள், கையில் ஒளிரும் கோல்களோடு. இடம் போதாது என்று பட்டால் கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடிப்பார்கள். விமானம் நின்றுவிடும்.