டிஸ்க் பெரிதானாலும் இடம் ஏன் கூடுவதில்லை?

பெரும்போக அறுவடை தொடங்கினால் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் கொள்வனவுக் கணக்கும் சிசிடிவி பதிவுகளும் சேர்வரில் குவியும். அதிலிருக்கும் 1 டெராபைட் டிஸ்க் இரண்டும் நிரம்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 4 டெராபைட் டிஸ்க் இரண்டை வாங்கிப் பூட்டுகிறார்கள். அப்போதும் திரையில் பழைய 1 டெராபைட்தான் தெரியும். டிஸ்கில் குறை ஏதுமில்லை. கீழே டிஸ்க், அதன்மேல் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த பகுதி), அதன்மேல் ரெய்ட் (பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு), எல்லாவற்றுக்கும் மேலே ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை ஒழுங்காக வைக்கும் அமைப்பு) என்று நான்கு அடுக்குகள் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் தன் அளவைத் தானே குறித்து வைத்திருக்கிறது. கீழே இடம் கூடினாலும், நாம் சொல்லும்வரை மேலே உள்ளது விரியாது.

இந்தச் சேர்வரில் உள்ளதுபோல் இரண்டு டிஸ்கிலும் ஒரே தரவை எழுதும் மிரர் முறைக்கு ரெய்ட் 1 என்று பெயர். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. ஒரே கணக்கை இரண்டு கொப்பியில் எழுதும்போது, ஒன்று 100 பக்கம், மற்றது 400 பக்கம் என்றால் 100 பக்கத்துக்குமேல் எழுத முடியாது. அதனால் இரண்டு டிஸ்கையும் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் பழைய டிஸ்க் ஒன்றை மிரரிலிருந்து விலக்கிக் கழற்றிவிட்டு, புதியதைப் பூட்டி, பார்ட்டிஷன் போட்டுச் சேர்ப்பார்கள். மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், இரண்டு டிஸ்கும் இயங்கும்போது சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ எழுத்துகள் இருக்கும். ஒன்றைக் கழற்றியதும் அதன் இடத்தில் ஒரு கீழ்க்கோடு விழும். அந்தக் கோடு மறையும்வரை இயங்கும் சேர்வரில் இருப்பது ஒரே பிரதி. விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 1 டெராபைட்டைப் பிரதியெடுக்க ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம் பிடிக்கும். 2022இல் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டைப் பார்த்தவர்கள் நாம். யூபிஎஸ் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது.

பலர் சிக்குவது பார்ட்டிஷனில். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய டிஸ்கிலிருந்து அப்படியே புதியதற்குப் பிரதி செய்வது வழக்கம், வேலை சுலபம். ஆனால் அளவும் அப்படியே வந்துவிடும், மீதி 3 டெராபைட் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். அட்டவணை பழைய எம்பிஆர் வகையாக இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. அது முகவரிக்கு 32 பிட்தான் வைத்திருக்கிறது. டிஸ்கின் சிறு துண்டான செக்டரை 512 பைட்டாகக் கணக்கிட்டால் சுமார் 2.2 டெராபைட்டோடு நின்றுவிடும். 4 டெராபைட்டுக்கு ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை வேண்டும்.

சேர்த்த பிறகு பார்ட்டிஷனை நீட்டுவதானால் அதன் தொடக்க இடம் ஒரு செக்டர்கூட நகரக் கூடாது. ரெய்ட் தன் அடையாளக் குறிப்பை எங்கே எழுதியிருக்கிறது என்பதையும் முதலில் பாருங்கள். அந்தக் குறிப்பின் 1.2 வடிவத்தில் அது தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும். 0.90, 1.0 வடிவங்களில் பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும். மிரரை நிறுத்திவிட்டு அப்படிப்பட்ட பார்ட்டிஷனை நீட்டினால் கடைசி என்பதே வேறிடமாகிவிடும். தரவு பத்திரமாக இருந்தும் ரெய்டுக்குத் தன் உறுப்பையே அடையாளம் தெரியாமல் போகும். முதலிலேயே பெரிய பார்ட்டிஷன் போட்டுச் சேர்ப்பதுதான் நல்லது என்பேன்.

இரண்டாவது டிஸ்கும் இப்படியே மாறியபின், ரெய்டை உச்ச அளவுக்கு விரிக்கும் கட்டளையைக் கொடுக்கலாம். புதிதாகச் சேர்ந்த 3 டெராபைட்டையும் ஒத்திசைக்க அதே வேகத்தில் ஐந்தரை மணி நேரம் போகும். பழைய தரவுக்கு ஏற்கெனவே இரண்டு பிரதி இருப்பதால் இந்தக் காத்திருப்பில் பயமில்லை. கடைசியில் ஃபைல் சிஸ்டம். இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் என்ற இரு வகைகளையும் ஆலை வேலை நடக்கும்போதே பெருப்பிக்கலாம். சேர்வரை இயங்கத் தொடங்க வைக்கும் பூட் லோடரை இரண்டு டிஸ்கிலும் பதிய மறக்காதீர்கள்.

மிரர் பேக்கப் ஆகாது. ஒரு ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே கணம் அழியும். ஆகவே எல்லாவற்றுக்கும் முன் தனியாக ஒரு பேக்கப் எடுங்கள். முதலில் கழற்றிய டிஸ்கையும், விரிவாக்கம் முடிந்து ஃபைல்களைத் திறந்து பார்க்கும்வரை, வேறு வேலைக்கு எடுக்காமல் வையுங்கள்; அந்த நேரத்துக் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது.