உடைந்தது ராடு, தப்பு நரம்பில்

போன ஞாயிறு காலை, கடை ஷட்டரை முழுதாகத் தூக்கக்கூட இல்லை, வாசலில் ஒரு பையன் நிற்கிறான். பதினாறு, பதினேழு வயது இருக்கும். கையில் பேப்பர் சுற்றிய இரண்டு துண்டு. பிரிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, டுபாக்கூர் ராடுண்ணே. வாங்கி பத்து நாள்கூட ஆவல. ஒரு மடவை மீனுக்கே உடைஞ்சிடுச்சு" என்றான்.

பன்னிரண்டு அடி கார்பன் தூண்டில் ராடு. மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுவது. தக்கை போட்டுப் பிடிப்பதற்கென்றே செய்தது, எடை இருநூறு கிராம்கூட வராது. நல்ல சரக்கு. கைப்பிடிக்குச் சற்று மேலே '4–8 பவுண்டு' என்று தெளிவாக அச்சடித்திருக்கிறார்கள், அந்த ராடில் போட வேண்டிய நரம்பின், அதாவது தூண்டில் நூலின், பலம் அது. "ரீல் எங்கேப்பா?" என்றேன். பையிலிருந்து எடுத்தான். அதில் சுற்றியிருந்தது 30 பவுண்டு நரம்பு.

திருவொற்றியூரில் இருபது வருடமாகத் தூண்டில் சாமான் விற்கிறேன், ராடு ரிப்பேரும் செய்கிறேன். இப்படி உடைந்து வந்த ராடு இந்த மாதம் மட்டும் ஒன்பது. அதில் ஏழு ராடுகள் உடைந்ததற்குக் காரணம் நரம்பு. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. அந்தப் பையனின் அப்பா துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர். பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கியதற்காக வாங்கிக் கொடுத்த ராடு அது. அதைக் கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

'தடி நரம்பு போட்டால் அறாது, அறாவிட்டால் மீனும் போகாது, ராடுக்கும் ஒன்றும் ஆகாது.' இந்த நம்பிக்கையை யார் ஊருக்குள் விதைத்தார்கள் என்று தெரியவில்லை. சில கடைகளிலேயே அப்படிச் சொல்லித்தான் சுற்றிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தூண்டிலில் இழுவை வந்தால் முள், முடிச்சு, நரம்பு, ராடு, ரீல் எல்லாமே அதைத் தாங்க வேண்டும். எது முதலில் தாங்காதோ அது போகும். 8 பவுண்டு என்றால் சுமார் 3.6 கிலோ. அதற்கு மேல் இழுத்தால் நரம்பு அறுந்துவிட வேண்டும் என்ற கணக்கில்தான் அந்த ராடைச் செய்திருக்கிறார்கள். 30 பவுண்டு என்றால் பதிமூன்றரை கிலோவுக்கு மேல். ஆக, இழுவை ஐந்து கிலோ, ஆறு கிலோ என்று ஏறும்போது நரம்பு கம்மென்று இருக்கிறது, ராடு போய்விடுகிறது. நரம்பு அறுந்தால் போவது சில ரூபாய். ராடு உடைந்தால் இரண்டாயிரம், மூவாயிரம். எது முதலில் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"சரிண்ணே, ரெண்டு கிலோ மீன் மாட்டினா மெல்லிசு நரம்பு தாங்குமா?" என்பது அடுத்த கேள்வி. தாங்கும். தண்ணீருக்குள் மீனுக்கு எடை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம், தண்ணீரே அதைத் தாங்குகிறது. உங்கள் நரம்பு தாங்க வேண்டியது அது ஓடும் வேகத்தை மட்டும்தான். அந்த வேகத்தை ராடின் வளைவும் ரீலின் டிராக்கும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) வாங்கிக்கொள்ளும். 6 பவுண்டு நரம்பில் மூன்று கிலோ கட்லாவைக் கரை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கடைசியில் ராடால் மீனைத் தூக்க மாட்டார்கள், கைவலையால் அள்ளுவார்கள். தண்ணீரைவிட்டு வெளியே வந்த நொடியே மீனின் முழு எடையும் ராடின் நுனியில் தொங்கும். எனக்கு வரும் உடைசல்களில் பாதி அந்த ஒரு நொடியில் நடந்தது.

இப்படித் தூக்குவது நம் பழக்கம். தாத்தா காலத்தில் மூங்கில் கோல், தடி தங்கூஸ் நரம்பு, தக்கை அமிழ்ந்தால் ஒரே வெட்டு, மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் புல்லில் விழும். மூங்கில் அதைத் தாங்கியது. அதே கை இப்போது கார்பனைப் பிடிக்கிறது. கார்பன் நுனியிலிருந்து நடுவரை அழகாக வளைந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் ராடை நெட்டுக்குத்தாகத் தூக்கித் தோளுக்குப் பின்னால் சாய்த்தீர்கள் என்றால் முழுச் சுமையும் நுனி ஒரு சாணில் வந்து உட்காரும். மீன் காலடிக்கு வந்த பிறகு இப்படிச் செய்வதுதான் மிக மோசம்.

உடைந்த வாயைப் பார்த்தாலே எனக்குக் கதை தெரிந்துவிடும். நுனியிலிருந்து ஒரு சாணுக்குள் உடைந்திருந்தால் மேலே சொன்ன தூக்கல். இணைப்பில் நீளவாக்கில் கீறியிருந்தால் துண்டுகளை இறுக்கிச் செருகாமல் வீசியிருக்கிறார்கள். கத்தரித்த மாதிரி ஒரே இடத்தில் ஒடிந்திருந்தால், அதற்கு முன்பே எங்கோ அடி வாங்கியிருக்கிறது. கார்பன் குழாயின் சுவர் மெல்லியது. கருங்கல்லில் ஒரு தட்டு, வண்டிக் கதவில் ஒரு நசுங்கல், ஈயக்குண்டு ஆடி ஆடி மோதியது, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறலாக உள்ளே இருக்கும். பதினைந்து நாள் கழித்துச் சின்ன ஜிலேபி மீன் மாட்டும்போது ஒடியும். அப்புறம் கம்பெனியைத் திட்டுவார்கள்.

தடி நரம்பின் இன்னொரு ஆபத்து ராடோடு நிற்பதில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் மீது நின்று பிடிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கல் இடுக்கில் முள் மாட்டிக்கொள்ளும். மெல்லிய நரம்பு என்றால் நிதானமாக இழுத்தால் முள் பக்கம் அறுந்துவிடும். தடி நரம்பு அறாது, ஆத்திரத்தில் முழு பலத்தோடு இழுப்பீர்கள். திடீரென்று விட்டுக்கொண்டால் ஈயமும் முள்ளும் நேராக முகத்துக்கு வரும், அல்லது நீங்கள் பாசி பிடித்த கல்லில் பின்னால் சாய்வீர்கள். இப்படி ஒரு கண்ணை இழந்தவர் எனக்குத் தெரிந்த வாடிக்கையாளர். மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நரம்பின் நேர்கோட்டில் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பின்பக்கம் நடந்து இழுங்கள். கல்மேல் நடக்க இடமில்லை என்றால் நரம்பை வெட்டிவிடுங்கள். உண்மையில் வளைவின் கடல் பக்கம், அலை மோதும் இடம், லேசான தக்கை ராடுக்கான இடமே இல்லை. அதற்கு வேறு ராடு.

சரி, அப்படியென்றால் எதை வாங்குவது?

எண்ணூர் கழிமுகம், கொசஸ்தலை ஆற்றின் அமைதியான ஓரங்கள், மாதவரம் பக்கத்து ஏரிகள், குளங்கள், இவற்றுக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு அடி போதும். தக்கையை நரம்பில் நிலையாகக் கட்டினால் ராடின் நீளத்துக்கு மேல் ஆழம் வைக்க முடியாது, ஆனால் நம் கரையோரங்களில் அவ்வளவு ஆழத்துக்கு அவசியமும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்தடியே வாங்குங்கள். கடையில் ரீலை மாட்டி, கையை நீட்டி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். நுனி கீழே கீழே போனால் வேண்டாம். நுனியைக் கையால் பிடித்து வளைத்துப் பார்க்காதீர்கள், வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து இன்னொருவரை மெல்ல இழுக்கச் சொல்லிப் பாருங்கள். வீசிப் பார்க்கிறேன் என்று கடைக்குள் சுழற்றாதீர்கள். மேலே ஃபேன் ஓடுகிறது. என் கடை ஃபேனில் மாட்டி நுனி போன ராடுகள் மூன்று.

வாங்கியதும், அதன்பின் மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சை விட்டுச் சுற்றி எடுங்கள். பஞ்சு இழை சிக்கினால் உள்ளே பீங்கான் வளையம் விரிசல் விட்டிருக்கிறது, நரம்பை அறுக்கும். வளையம் மாற்றுவது சின்ன வேலை.

4–8 பவுண்டு ராடுக்கு 6 பவுண்டு நைலான் நரம்பு. முள் கட்டும் கடைசி ஒரு முழம் மட்டும் 4 பவுண்டு. கல்லில் மாட்டினால் அந்த ஒரு முழமும் முள்ளும் போகும், தக்கை திரும்பி வரும். ரீல் 2000 அல்லது 2500 அளவு. பல இழை பின்னிய பிரெய்டு நரம்பு இதற்கு வேண்டாம், அது நீளாது, மீனின் உதறல் முழுவதும் ராடுக்கும் முள்ளுக்கும் போகும். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டில் அந்த இடமே பலவீனமாகிவிடும்.

டிராக் திருகைக் கடைசி வரை இறுக்கிவிட்டு வருபவர்களிடம் என்னத்தைச் சொல்ல. 6 பவுண்டு நரம்பு 2.7 கிலோ தாங்கும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும், அதாவது முக்கால் கிலோ சுமாருக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி நரம்பு நுனியில் கட்டுங்கள். ராடு இல்லாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துப் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். திருகை ஒவ்வொரு சொடுக்காகத் தளர்த்துங்கள். பாட்டில் மெல்ல இறங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இதைச் செய்து காட்டியபோது பாட்டில் சரசரவென்று இறங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா காட்டுண்ணே" என்றான்.

தக்கையைப் பற்றிச் சுருக்கமாக. எலுமிச்சம்பழ அளவு தெர்மாகோல் உருண்டை இந்த ராடுக்கு ஆகாது. அதை நிமிர்த்தவே பெரிய ஈயம் வேண்டும், மீன் இரையை இழுக்கும்போது எதிர்ப்பு தெரிந்து துப்பிவிடும். மயிலிறகுத் தண்டில் செய்வது மாதிரி ஒல்லித் தக்கை, இரண்டு மூன்று கிராம் ஈயம், தண்ணீருக்கு மேலே நுனி மட்டும் தெரிய வேண்டும். பாக்கெட் தக்கைகளில் '3 ஏஏ', '3 பிபி' என்று போட்டிருக்கும், எந்த அளவு ஈயக்குண்டு எத்தனை வேண்டும் என்பது அது. ஏஏ ஒன்று 0.8 கிராம், பிபி ஒன்று 0.4 கிராம். முள் பெரிய எண்ணாக இருந்தால் அளவு சிறியது. ஜிலேபிக்கு 10 அல்லது 12, மைதா உருண்டையில் மடவை பிடிக்க 12 அல்லது 14.

அந்த ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். ஈயம் உடம்புக்குள் போனால் சேரும், குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். அப்பா கடிப்பதைப் பார்த்து எட்டு வயதுப் பிள்ளையும் கடிக்கிறது. சின்னக் குறடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தூண்டில்காரர்கள் விட்டுப்போன ஈயக்குண்டுகளை அன்னப் பறவைகள் விழுங்கிச் செத்ததால் பிரிட்டனில் சிறு ஈயக்குண்டு விற்பனையை 1987-இல் தடுத்தார்கள். நம் கழிமுகத்திலும் பூநாரை இறங்குகிறது.

கடைசியாக, மிகவும் கவலையோடு சொல்வது மின்சாரம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். எண்ணூர் கழிமுகத்துக்கு மேலே அனல் மின் நிலையத்தின் உயர் அழுத்தக் கம்பிகள் போகின்றன. ரயில் பாதைக்கு மேலே இருப்பது 25,000 வோல்ட். இந்த அழுத்தத்தில் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே பாயும். பையன்கள் பன்னிரண்டு அடி ராடை முழுதாக மாட்டி, கொடிக்கம்பம் மாதிரி தோளில் நிமிர்த்திக்கொண்டு தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிடிக்கும் இடத்துக்குப் போன பிறகு மாட்டுங்கள், கிளம்பும் முன் கழற்றுங்கள், தலைக்கு மேலே கம்பி இருக்கிற இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். இடி இடித்தால் ராடைத் தரையில் வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் போங்கள்.

அறுந்த நரம்பையும் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். கொக்குக் காலில் சுற்றியதை நானே இரண்டு முறை வெட்டி எடுத்திருக்கிறேன்.

அந்தப் பையனின் ராடு நுனியிலிருந்து அரை அடியில்தான் போயிருந்தது. சீவி, புது நுனி வளையம் ஒட்டி, 6 பவுண்டு நரம்பு சுற்றிக் கொடுத்தேன். நரம்புக்கு மட்டும் காசு வாங்கினேன். உங்கள் ராடும் உடைந்திருந்தால் கொண்டுவாருங்கள், ஆனால் ராடை மட்டும் தனியாகக் கொண்டுவராதீர்கள். ரீலையும் எடுத்து வாருங்கள், அன்றைக்குப் போட்டிருந்த அதே நரம்போடு.