ஹாரனும் செயற்கைக்கோளும்

"ஜிபிஎஸ் இருக்கிறது, வயர்லெஸ் இருக்கிறது. அபாய பீக்கன் வேறு எதற்கு? வாங்கினால் எதை வாங்குவது? திருட்டுப் போகாமல் பெட்டியில் பூட்டி வைக்கலாமா?" என்று பாம்பனிலிருந்து விசைப்படகு உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஜிபிஎஸ் உங்கள் இடத்தை உங்களுக்குத்தான் சொல்லும், கரைக்குச் சொல்லாது. வயர்லெஸ் எட்டும் தூரம் குறைவு. பீக்கன் என்ற அபாய அழைப்புக் கருவி வானத்துச் செயற்கைக்கோளைப் பார்த்துக் கூவும்: 406 மெகாஹெர்ட்ஸில், சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி. சக்தி வெறும் 5 வாட், ஒரு சிறிய எல்இடி பல்பு அளவு.

இதை வைத்து இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தனுஷ்கோடியின் அரிச்சல்முனைச் சாலையோரம் கண்ணை மூடி நில்லுங்கள். ஹாரனை அழுத்தியபடியே ஒரு வேன் வருகிறது. கடக்கும் கணத்தில் சுருதி சட்டென்று விழும். பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான். இப்போது மணலில் நூறு அடி தள்ளி நின்று கேளுங்கள். சுருதி வழுக்கிக்கொண்டு மெல்ல இறங்கும். ஆக, சுருதி எப்போது இறங்கியது என்பதிலிருந்து வேன் உங்களுக்கு நேரே வந்த நேரம் தெரியும். எவ்வளவு விரைவாக இறங்கியது என்பதிலிருந்து சாலைக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் தெரியும்.

இனி ஹாரனைக் கடலிலும் காதை வானத்திலும் வையுங்கள். சுமார் 850 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு 7 கி.மீ.க்கு மேல் பாயும் செயற்கைக்கோள்தான் அந்தக் காது. ஒரு சிக்கல் உண்டு. சாலைக்கு ஒருபுறம் ஆண்கடல் பக்க மணலில் நின்றாலும் மறுபுறம் பெண்கடல் பக்கம் நின்றாலும் ஹாரன் ஒரே மாதிரிதான் கேட்கும். செயற்கைக்கோளுக்கும் பாதையின் இருபுறமும் இரண்டு விடைகள் வரும். பஞ்சாயத்தைத் தீர்ப்பது பூமியின் சுழற்சி! அதனால் ஒரு பக்கத்துப் பீக்கன் பாதையை நோக்கி நகரும், மறுபக்கத்தது விலகும். கணக்கில் மயிரிழை வித்தியாசம் விழும். பனிப்போர்க் காலத்திலேயே சோவியத்தும் அமெரிக்காவும் கனடா, பிரான்ஸுடன் கூடிச் செய்த வேலை இது. 1982இலேயே உயிர்களைக் காக்கத் தொடங்கியது. விண்வெளிக்குச் செலவழிப்பது வீண் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பீக்கனைக் கேட்கும் இன்சாட் போன்ற வேறு செயற்கைக்கோள்கள் நமக்கு மேலே அசையாமல் நிற்பவை. நிற்கிற வேனின் ஹாரனில் சுருதி மாறாது. அவற்றுக்கு இடத்தைப் பீக்கனே சொல்ல வேண்டும். ஆகவே ஜிபிஎஸ் உள்ளடங்கியதையே வாங்குங்கள்.

பீக்கனில் வகைகள் உண்டு. படகுக்கானது இபிர்ப் (EPIRB), குறைந்தது 48 மணி நேரம் உழைக்கும். பி.எல்.பி. (PLB) ஆளோடு போவது, கையால் இயக்குவது, 24 மணி நேரம். தரைப் பயணத்துக்கும் அதுவே. இஸ்ரோ மீனவர்களுக்கென்றே உருவாக்கிய 'டாட்' (DAT) என்ற அபாய அழைப்புக் கருவியையும் விசாரியுங்கள். அதன் இரண்டாம் தலைமுறையில் 'செய்தி கிடைத்தது' என்று பதிலும் வரும். 121.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கொண்ட பழைய சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதில்லை. எதை வாங்கினாலும் உங்கள் பெயரிலும் தொலைபேசி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

பெட்டியில் பூட்டுவதா? படகு கவிழும்போது சாவியை யார் தேடுவது? மூழ்கினால் நீரழுத்தத்தில் தானாகவே விடுபட்டு மிதக்கும் வகையை வாங்கி, கேபின் கூரைமேல் வெட்டவெளியில் பொருத்துங்கள். கண்திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதானால், பீக்கனுக்குத் தடையில்லாத வேறு இடம் பாருங்கள்.