நைட்ரஸ் பாட்டிலும் நம் ஊர் வெயிலும்

இன்ஜின் சக்தியைக் கூட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை, சுருக்கமாக நைட்ரஸை, காரில் பொருத்த வேண்டும் என்று கேட்டு வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எத்தனை குதிரைத்திறன் கூடும் என்பதைத்தான். பாட்டிலை எங்கே வைப்பது, அது எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இன்ஜின் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பொருத்துதலில் இன்ஜினுக்கும் சரி, உயிருக்கும் சரி, ஆபத்து தொடங்கும் இடம் பெரும்பாலும் அந்தப் பாட்டில்தான்.

முதலில் சட்டத்தைப் பேசி முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு. அதனால், இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ பந்தயத் தடத்தில் ஓட்டக் கொண்டுபோகும் கார்களுக்கு மட்டுமே இந்த வேலையை எடுக்கிறேன். இனி நான் சொல்வதும் அவர்களுக்குத்தான்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடுவிக்கிறது. எடைக் கணக்கில் காற்றில் ஆக்சிஜன் 23 சதவீதம். நைட்ரஸில் 36 சதவீதம். ஆக்சிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், அவ்வளவுதான் சூட்சுமம். சக்தி பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. வாயு உள்ளே போய், அதற்கு ஈடான பெட்ரோல் போகாவிட்டால், கலவை மெலிந்து எரிதல் கட்டுமீறும். நாக்கிங் என்று நாம் சொல்லும் அந்த அடி, நைட்ரஸ் ஓடும்போது சில விநாடிகளிலேயே பிஸ்டனை முடித்துவிடும்.

அப்படிப் போன ஒரு இன்ஜினைப் பிரித்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். உற்றுப் பார்த்தால் நடுநடுவே வெள்ளிமணிகள் பளபளக்கும். அவை பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தால், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய சுவர் பிறைபோல் பெயர்ந்து கையோடு வரும். மேல்பரப்பின் ஓரம் கரையான் தின்ற பலகைபோல் அரித்திருக்கும். ஓட்டியவரைக் கேட்டால், “அண்ணா, சின்ன ஷாட்தானே போட்டேன்” என்பார். ஷாட் என்பது நைட்ரஸ் கூட்டித் தரும் குதிரைத்திறன். 80 குதிரைத்திறன் உள்ள 1.2 லிட்டர் காருக்கு 25 ஷாட் என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதைச் சின்னது என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது வெயிலுக்கு வருவோம். பாட்டிலுக்குள் நைட்ரஸ் திரவமாக இருக்கிறது. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு. 20 டிகிரியில் சுமார் 50 பார். 30 டிகிரியில் சுமார் 63 பார். 36.4 டிகிரியில் 72 பாரைத் தொடும். அதற்கு மேல் அது திரவமாக இருக்கவே இருக்காது, நிறைந்த பாட்டிலில் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சித்திரை, வைகாசியில் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே குளிர்ந்த காலையில் ஜெட் (வாயு போகும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) அளவு பார்த்து, கலவை சரிபார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று திருப்தியோடு புறப்படுகிறீர்கள். நண்பகலில் கீழே தடத்துக்கு வந்து சேரும்போது பாட்டில் சூடாகி அழுத்தம் ஏறிவிட்டது. அதே ஜெட் வழியாக இப்போது கூடுதல் நைட்ரஸ் போகிறது. ரெகுலேட்டர் பிடித்திருக்கும் பெட்ரோல் அழுத்தமோ காலையில் இருந்தபடியே இருக்கிறது. எதிலும் கைவைக்காமலேயே கலவை மெலிந்துவிட்டது. ‘காலையில் நன்றாக ஓடியது, மதியம் போய்விட்டது’ என்று வரும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். பாட்டில் வாயில் அழுத்தமானி இல்லாத பொருத்துதலை என் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை. 900 முதல் 1,000 பிஎஸ்ஐக்குள், அதாவது சுமார் 62 முதல் 69 பாருக்குள், இருந்தால் ஓட்டலாம். அதற்கு மேல் காட்டினால் பாட்டிலை நிழலில் வைத்து ஈரத்துணி போர்த்திக் காத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் அழுத்தம் குறைந்தால், அழுத்தம் பார்த்துத் தானாக நின்றுவிடும் ஹீட்டர் மட்டுமே. தீப்பந்தம், ஹாட் ஏர் கன் எதுவும் அருகில் வரக்கூடாது.

வால்வின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அழுத்தம் சுமார் 3,000 பிஎஸ்ஐ தாண்டினால், பாட்டில் வெடிப்பதற்குப் பதில் அந்தத் தகடு கிழிந்து வாயுவை வெளியேற்றும். அதிலிருந்து ஒரு குழாயைக் காருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது கட்டாயம். பின்சீட்டுக்குப் பின்னால் நைலான் கயிற்றால் கட்டிய பாட்டில், குழாயே இல்லாத வால்வு, மேலே ஒரு துண்டு: இப்படி ஒரு காரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தகடு ஓடும் காருக்குள் கிழிந்திருந்தால், நான்கைந்து கிலோ வாயு விநாடிகளில் உள்ளே நிறைந்து ஓட்டுநரின் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போயிருக்கும். எஃகு பிராக்கெட், தரையில் துளையிட்டு இறுக்கிய போல்ட், வால்வு வண்டியின் முன்புறம் பார்த்து, லேபிள் மேலே: இப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாய் பின்பக்க அடியில் சேரும் திரவத்தை எடுப்பதற்காக அப்படி வளைக்கப்பட்டிருக்கிறது.

நிரப்பும் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். மருத்துவமனைக்கும் பல் மருத்துவருக்கும் போகும் நீலச் சிலிண்டரிலிருந்து யாரோ வீட்டுக் கொல்லையில் நிரப்பித் தருகிறார் என்றால், தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். எடைபோட்டு அளவோடு நிரப்பாத பாட்டிலில், சூடேறும்போது திரவம் விரிய இடம் இருக்காது. இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருந்தால் உயர் அழுத்த நைட்ரஸில் அது தீப்பற்றலாம். 2016 வாயு சிலிண்டர் விதிகள் அனுமதிபெற்ற பாட்டிலையும் உரிமம் பெற்ற நிரப்பகத்தையும் கேட்பது சும்மா இல்லை.

இன்ஜின் பக்கம் வேலை அதிகம், சொல்வது கொஞ்சம். வாயுவையும் பெட்ரோலையும் ஒரே நாசிலில் தரும் வெட் முறையே எங்கள் ஊர்ச் சின்ன இன்ஜின்களுக்கு நான் நம்புவது. நைட்ரஸைத் திறந்துவிடும் மின்வால்வான சோலனாய்டுக்கு மின்சாரம் மூன்று காவல்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆக்சிலேட்டர் முழுதாக அழுந்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த ஓட்டத்தில் வாயுவும் பெட்ரோலும் இன்டேக் குழாயில் தேங்கி அங்கேயே வெடிக்கும். இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 3,000க்கு மேலும், சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டருக்குச் சில நூறு கீழேயும் இருக்க வேண்டும். லிமிட்டர் பெட்ரோலை வெட்டும் நொடியில் நைட்ரஸ் மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் எல்லாம் அணைய வேண்டும். பணம் மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் விடுவது இந்த மூன்றாவதைத்தான், எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுதான். கூடவே சூட்டை வேகமாகக் கடத்தும் ‘ஒரு படி குளிர்ந்த’ பிளக், அதில் சற்றுக் குறுக்கிய இடைவெளி, 50 குதிரைத்திறனுக்கு இரண்டு டிகிரி என்ற கணக்கில் பின்தள்ளிய டைமிங் (பிளக் பொறிவிடும் நேரம்), 95 அல்லது 100 ஆக்டேன் பெட்ரோல். பழைய கிளட்ச்சும் பழைய பிரேக் பேடும் உள்ள காருக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே பொருத்தியிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிலின் கழுத்தில் கடைசி அழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும். ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் நிரப்பாதீர்கள். தடத்துக்குப் போகாத நாளில் பாட்டிலைக் கழற்றி, வெயில்படாத, காற்றோட்டமான இடத்தில் நிற்கவைத்துச் சங்கிலியால் கட்டுங்கள். படுக்கையறையும் சமையலறையும் அதற்கான இடமல்ல. தேசிய நெடுஞ்சாலை 44ல், அதுவும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் தவிக்கும் தொப்பூர் இறக்கத்தில், அந்தப் பாட்டில் உங்கள் காரில் இருக்கவே கூடாது. தடத்தில் முதல் ஓட்டம் முடிந்ததும் இன்ஜினை அணைத்து, பாட்டில் வால்வை மூடி, நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பாருங்கள். ஒன்றில் அலுமினியப் புள்ளி தெரிந்தாலும் அன்றைக்கு நைட்ரஸ் போதும். வண்டியை ஓட்டாமல் ஏற்றிக் கொண்டுவாருங்கள், ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.