கருப்பை வாடகை வீடு அல்ல: வாடகைத்தாய்க்குக் கொடுக்கும் பணம் எதற்கான பணம்?

'வாடகைத்தாய்' என்ற சொல் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. செய்தித்தாள்களும் அதைத்தான் எழுதுகின்றன, நாமும் அதைத்தான் பேசுகிறோம். ஆனால் அந்தச் சொல் மனதில் ஒரு தப்பான படத்தைப் போட்டுவிடுகிறது. வாடகை வீடு ஏற்கெனவே கட்டி முடிந்து காலியாக இருக்கும். குடிவருபவர் வருவார், இருப்பார், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார், வீடு அப்படியே நிற்கும். கருப்பை அப்படிக் காலியாகக் கிடக்கும் அறை இல்லை. கரு வருவதற்கு முன்பே அது தன்னைத் திருத்திக் கட்டத் தொடங்க வேண்டும். கரு தங்கிய பிறகு அந்தப் பெண்ணின் இதயம், ரத்தம், சிறுநீரகம், நோய் எதிர்ப்பு மண்டலம் எல்லாமே அந்த வேலையில் இறங்கியாக வேண்டும்.

இது புரிந்தால்தான் பணக் கணக்கும் புரியும். வாடகைத்தாய்க்குப் பணம் கொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் போடப்படும் ஒப்பந்தத்தைப் படித்தால், தொகை ஒரே கட்டாக இருக்காது. ஊசி தொடங்கும்போது கொஞ்சம், கருவை உள்ளே வைக்கும் நாளில் கொஞ்சம், அப்புறம் மாதாமாதம், சிசேரியன் ஆனால் தனியாக என்று துண்டு துண்டாக இருக்கும். பார்க்கக் கடைக்கணக்கு மாதிரி தோன்றும். ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உடலுக்குள் நடக்கும் ஒரு காரியம் இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. வாடகைத்தாய் முறையில் இரண்டு வகை உண்டு. பழைய முறையில் சுமப்பவரின் கருமுட்டையே பயன்படும், அதனால் பிறக்கும் குழந்தைக்கும் அவருக்கும் மரபணு உறவு இருக்கும். இன்று பெரும்பாலும் நடப்பது இரண்டாவது வகை. கருமுட்டையும் விந்தணுவும் பெற்றோராகப் போகிறவர்களுடையவை, அல்லது தானமாகப் பெற்றவை. ஆய்வகத்தில் உருவான கரு, சுமப்பவரின் கருப்பைக்குள் வைக்கப்படுகிறது. குழந்தையின் மரபணுவில் அவருடைய பங்கு எதுவும் இல்லை.

இது சாத்தியம் என்று தெரிந்ததே அண்மையில்தான். 1978இல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. 1984இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, சினைப்பை வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்து, தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவை வளர்த்துப் பிரசவம் வரை கொண்டுபோன செய்தியை வெளியிட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் சரியான வரிசையில் கிடைத்தால் போதும், கரு யாருடையது என்று கருப்பை கேட்பதில்லை என்பது அங்கே உறுதியானது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவக் குழு, கருப்பை இல்லாத பெண்ணின் கருவை இன்னொரு பெண் சுமக்கும் செய்தியை அறிவித்தது. 1986இல் அந்தக் குழந்தை பிறந்தது.

யார் சுமக்கலாம்? அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை இப்படிப் போகிறது: வயது 21 முதல் 45 வரை இருக்கலாம். முன்பே குறைந்தது ஒரு குழந்தையையாவது சிக்கல் இல்லாமல் நிறைமாதத்தில் பெற்றிருக்க வேண்டும். மொத்தப் பிரசவங்கள் ஐந்துக்கும், சிசேரியன்கள் மூன்றுக்கும் மேல் போயிருக்கக் கூடாது. முன்பே பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலருக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் ஒரு பெண்ணின் உடல் கர்ப்பத்தை எப்படித் தாங்கும் என்று முன்கூட்டியே சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. முந்தைய கர்ப்பம்தான் கையில் இருக்கும் ஒரே நல்ல சான்று. தன் குடும்பத்தை அவர் ஏற்கெனவே அமைத்துக்கொண்டிருப்பதும் முக்கியம். கருப்பையையே இழக்க நேரும் ஆபத்து, சிறியதாக இருந்தாலும், எல்லாப் பிரசவத்திலும் இருக்கிறது.

இதோடு மனநல ஆலோசனை, ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ், சிபிலிஸ் பரிசோதனைகள் (கணவருக்கும் சேர்த்து), கருப்பைக்குள் கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் முடிய சில மாதங்கள் ஓடிவிடும்.

அப்புறம்தான் உடல் வேலை தொடங்குகிறது. சுமார் இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுக்கிறார்கள். மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, ஊசியாகவோ இருக்கலாம். கருப்பையின் உட்சுவர் மெல்லத் தடிக்கிறது. ஸ்கேனில் அது மூன்று கோடுகளாகத் தெரிந்து, 7 அல்லது 8 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவருக்குத் திருப்தி. இப்போது புரோஜெஸ்டிரோன். வளர்ந்த சுவரைக் கரு ஒட்டக்கூடிய பக்குவத்துக்குக் கொண்டுவருவது இதுதான். இந்தப் பக்குவம் சில நாட்களுக்குத்தான் நிற்கும், அதற்கு முன்னும் பின்னும் கதவு மூடியிருக்கும். அதனால்தான் ஐந்து நாள் வயதுள்ள கருவை, புரோஜெஸ்டிரோன் தொடங்கி ஆறாம் நாளில் உள்ளே வைக்கிறார்கள். கருவின் நாட்காட்டியும் கருப்பையின் நாட்காட்டியும் ஒரே தேதியைக் காட்ட வேண்டும்.

இந்தப் புரோஜெஸ்டிரோன் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருந்து எண்ணெயில் கரைந்திருக்கும், பெரும்பாலும் நல்லெண்ணெயில். கெட்டியாக இருப்பதால் ஊசி பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில், புட்டத்தின் தசைக்குள் ஆழமாக, இன்று இடம் என்றால் நாளை வலம். குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, மெதுவாகச் செலுத்தி, பிறகு அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டும். தேய்க்காவிட்டால் எண்ணெய் கட்டிகட்டியாக நின்று உட்காரவே வலிக்கும். இது ஒரு வாரக் கதை இல்லை. கர்ப்பம் தங்கினால் பத்து, பன்னிரண்டு வாரம் வரை நீளும். கருவை வைப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் ஒரு தொகை ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த ஊசிகள்தான் பதில். உட்சுவர் சரியாக வளராமல் அந்தச் சிகிச்சைச் சுழற்சியே ரத்தானாலும் அவருக்கு ஒரு தொகை உண்டு. அவருடைய வேலை அதற்குள் தொடங்கிவிட்டதே.

கருவை வைக்கும் நாள் மற்ற நாட்களோடு ஒப்பிட்டால் எளிது. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் திரவ நைட்ரஜனில் உறைந்திருந்த கருவை இளக வைக்கிறார்கள். நூறு, இருநூறு செல்கள் கொண்ட பந்து அது, வெறும் கண்ணுக்கு ஒரு தூசியாகத் தெரிந்தாலே பெரிது. மென்மையான மெல்லிய குழாய் ஒன்று கருப்பை வாய் வழியாக உள்ளே போகிறது. வயிற்றின் மேல் ஸ்கேன் கருவி. சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் படம் தெளிவாக விழும். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச்சென்று மின்னும். அது கருவோடு போன காற்றுக் குமிழி. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும், மயக்க மருந்தும் பொதுவாகத் தேவையில்லை.

அந்தப் புள்ளிக்கு அடுத்து நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி. கரு தன் ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது, உட்சுவரில் ஒட்டுகிறது, பிறகு அதைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சையில், பொருந்தாத சிறுநீரகத்தை உடல் எதிர்த்துத் தாக்கும். கருவை மட்டும் ஏன் விட்டுவைக்கிறது? இந்தக் கேள்வியை 1953இலேயே நோய் எதிர்ப்பியல் அறிஞர் பீட்டர் மெடவார் எழுப்பினார். சாதாரணக் கர்ப்பத்திலாவது கருவின் மரபணுக்களில் பாதி தாயுடையவை. இங்கே ஒன்றுகூட அவருடையது இல்லை. பதிலின் ஒரு பகுதி இது: நஞ்சுக்கொடியாக மாறும் செல்கள், 'நான் அந்நியன்' என்று காட்டிக்கொடுக்கும் முக்கிய அடையாளங்களை வெளியே காட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஹெச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைக் காட்டித் தாயின் செல்களை அமைதிப்படுத்துகின்றன. தாயின் பக்கத்திலும் எதிர்ப்பை அடக்கிவைக்கும் தனிவகை செல்கள் கருப்பையில் கூடுகின்றன. இது கைகட்டி நிற்பது இல்லை. நஞ்சுக்கொடி எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பதை முடிவு செய்வதில் தாயின் உடலுக்கும் பெரும் பங்கு உண்டு.

இந்த உடன்பாடு அரைகுறையாக நின்றால் பிரச்சினை. ரத்தக்குழாய்கள் போதிய அளவு அகலாமல் போய், பின்மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறி, ப்ரீ-எக்ளாம்ப்சியா என்ற ஆபத்தான நிலை வரலாம். மரபணு உறவில்லாத கருவைச் சுமக்கும்போது இதற்கான வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. இயற்கையாக முட்டை வெளியானால் சினைப்பையில் கார்ப்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பி உருவாகும். மாத்திரை, ஊசியால் தயாரித்த சுழற்சியில் முட்டையே வெளியாவதில்லை, அதனால் அந்தச் சுரப்பியும் இல்லை. புரோஜெஸ்டிரோனை ஊசியால் ஈடுகட்டிவிடலாம். தாயின் ரத்தக்குழாய்களைக் கர்ப்பத்துக்குப் பழக்கும் ரிலாக்சின் போன்ற, அந்தச் சுரப்பியின் மற்ற ஹார்மோன்களை ஈடுகட்ட முடிவதில்லை. அதனால்தான் இன்று சில மருத்துவர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைப்பதை விரும்புகிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நடந்த எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து, 2024இல் ஒரு ஆய்வு வெளியானது. தாய்க்குக் கடுமையான உடல்நலச் சிக்கல் வந்தது இயற்கைக் கர்ப்பத்தில் 2.3 சதவீதம், ஐவிஎஃப் (சோதனைக் குழாய் முறை) கர்ப்பத்தில் 4.3 சதவீதம், பிறருக்காகச் சுமந்தவர்களில் 7.8 சதவீதம். பெரும்பாலானவர்கள் நலமாகத்தான் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் 'அவள் ஏற்கெனவே பெற்றவள்தானே, இதுவும் அப்படித்தான் இருக்கும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, பணத்துக்கு வருவோம்.

ஒப்பந்தத்தின் முதுகெலும்பு அடிப்படைத் தொகை. ஸ்கேனில் கருவின் இதயத்துடிப்பு உறுதியான பிறகு, அதாவது ஆறு ஏழு வாரத்துக்குப் பிறகு, அது மாதத் தவணைகளாக வரத் தொடங்கும். இந்த அமைப்பில் ஒரு கொள்கை இருக்கிறது. கொடுக்கப்படுவது குழந்தைக்கான விலை அல்ல, சுமக்கும் காலத்துக்கான ஊதியம். அதனால் நான்காம் மாதத்தில் கரு கலைந்துபோனால், அதுவரை வாங்கிய தவணைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை குறையோடு பிறந்தாலும் தொகை குறையக் கூடாது. இந்த இரண்டும் தெளிவாக எழுதப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து நாள் கருவை வைத்த நாளிலிருந்து பிரசவத் தேதி வரை 261 நாட்கள். மணிக்கணக்கில் 6,264. தூங்கும்போதும் நிற்காத வேலை இது. ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட பாதியளவு கூடுகிறது. சுமார் 70 கிராம் இருந்த கருப்பை ஒரு கிலோவைத் தாண்டுகிறது. உடல் ஏறத்தாழ ஒரு கிராம் இரும்புச்சத்தைக் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கிறது. அடிப்படைத் தொகை பெரிதாகத் தெரிந்தால் அதை இந்த 6,264ஆல் வகுத்துப் பாருங்கள்.

மற்ற வரிகள் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவை. இரட்டைக் குழந்தை என்றால் தனித் தொகை, ஏனென்றால் குறைமாதப் பிரசவமும் ரத்த அழுத்தமும் இரட்டையில் வெகுவாகக் கூடுகின்றன. (இதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவை வைக்கச் சொல்லி இன்று வற்புறுத்துகிறார்கள். கூடுதல் பணத்துக்காக இரண்டுக்கு ஒப்புக்கொள்வது உடலுக்குக் கட்டுபடியாகாது.) சிசேரியன் என்றால் இன்னொரு தொகை. மருத்துவர் படுக்கை ஓய்வு சொன்னால் போன சம்பளம், தன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு. கருக்குழாயையோ கருப்பையையோ இழந்தால் ஈட்டுத்தொகை. பயணம், உடை போன்ற சில்லறைச் செலவுகளுக்கு மாதப்படி. முதல் முறை சுமப்பவரைவிட ஏற்கெனவே ஒருமுறை சுமந்தவருக்கு அடிப்படைத் தொகை கூடுதலாக இருப்பது வழக்கம்.

இந்தப் பணம் பெற்றோராகப் போகிறவர்களின் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. மருந்து தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் தரப்பு வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் முழுதாகப் போட்டிருக்க வேண்டும். சுமப்பவருக்குத் தனி வக்கீல் வேண்டும். கட்டணத்தை எதிர்த்தரப்பு கொடுக்கலாம், ஆனால் வக்கீல் இவருக்காக மட்டுமே பேச வேண்டும்.

இவை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பணம் பெற்றுச் சுமக்கலாம். நியூயார்க்கில் 2021 பிப்ரவரியில்தான் அந்த அனுமதி வந்தது. கனடாவிலும் பிரிட்டனிலும் செலவுத்தொகை மட்டும்தான். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் வணிக முறையை முற்றாகத் தடை செய்கிறது. மருத்துவச் செலவும், விதிகளில் குறித்த மற்றச் செலவுகளும், காப்பீடும் மட்டும் கொடுக்கலாம், அந்தக் காப்பீடு 36 மாதங்களுக்கு இருக்க வேண்டும். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் எந்த வகையும் செல்லாது. தடையுள்ள இடத்தில் யாராவது பெரிய தொகை சொல்லி அழைத்தால், அங்கே சட்டப் பாதுகாப்பும் இல்லை, எஸ்க்ரோவும் இல்லை, ஏமாந்தால் கேட்க நாதியும் இல்லை.

பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை பெற்றோரிடம் போய்விட்டது. ஆனால் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது, மூன்றாம் நாள் வாக்கில் மார்பில் பால் கட்டுகிறது. குழந்தை கையில் இல்லை என்று மார்புக்குத் தெரியாது. சிலர் பாலைப் பிழிந்து அனுப்புகிறார்கள், அதற்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. சிலர் மருந்து எடுத்து நிறுத்திக்கொள்கிறார்கள். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் ஆகும். ப்ரீ-எக்ளாம்ப்சியா பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை தலைகாட்டலாம். காலில் ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகமாக இருப்பதும் இந்த வாரங்களில்தான். பிரசவத்தை ஒட்டி வரும் இதயத்தசை நோய் ஒன்று ஐந்தாவது மாதத்தில்கூட வெளிப்படலாம்.

ஆகவே ஒப்பந்தம் கைக்கு வந்தால், முதல் பக்கத்துத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று தேடிப் படியுங்கள். சில காப்பீட்டுத் திட்டங்கள் வாடகைத்தாய்க் கர்ப்பத்தையே விலக்கி வைத்திருக்கும், அதையும் பாருங்கள். பிரசவ நாளோடு முடிகிறது என்று எழுதியிருந்தால், வக்கீலிடம் கொடுத்து அந்த வரியை மாற்றி வாங்கிய பிறகு பேனாவை எடுங்கள்.